வியூகச் சட்டமா, தடைச் சட்டமா?

சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா நான்கும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதை எப்படி முறியடிப்பது? வாஷிங்டனில் இதற்கு இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, 2017 முதல் அமலில் உள்ள 'காட்சா' தடைச் சட்டம். மற்றது, 2025-இல் செனட்டர்கள் கிறிஸ் கூன்ஸ், டேவ் மெக்கார்மிக் இருவரும் கொண்டுவந்த 'டிஸ்ரப்ட்' மசோதா.

காட்சாவுக்குப் பல் உண்டு. ரஷ்யாவிடம் பெரிய ஆயுதம் வாங்கினால் வாங்கியவர் மீது பொருளாதாரத் தடை பாயும். எஸ்-400 ஏவுகணை அமைப்பு, சுகோய்-35 போர் விமானம் வாங்கியதற்காக 2018 செப்டம்பரில் சீன ராணுவத்தின் தளவாடப் பிரிவும் அதன் தலைவர் லீ ஷாங்ஃபுவும் மாட்டினார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2023 மார்ச்சில் அதே லீ சீனாவின் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். தடையை நீக்கு, பிறகு பேசலாம் என்று பீஜிங் முறுக்கிக்கொண்டது. ஜூனில் சிங்கப்பூர் மாநாட்டுக்கு வந்தவர், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டினுடன் கைகுலுக்கியதோடு சரி. எஸ்-400 வாங்கிய துருக்கிக்கு 2020-இல் அடி விழுந்தது, அதையே வாங்கிய இந்தியா தப்பித்தது. போதாததற்கு, ஈரானும் வட கொரியாவும் எல்லாத் தடைகளையும் பார்த்தாயிற்று. முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு?

டிஸ்ரப்ட் யாரையும் தண்டிக்காது. வெளியுறவு, பாதுகாப்பு, கருவூலம், உளவு என்று துறைதோறும் பணிக்குழு அமைத்து, இந்தக் கூட்டை உடைக்கும் வியூகத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கொடு என்கிறது. கேட்கச் சப்பென்று இருக்கலாம். ஆனால் 2024-ஐப் பாருங்கள்: மார்ச்சில் வட கொரியத் தடைகளைக் கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழுவை ரஷ்யா வீட்டோவால் முடக்கியது. ஜூனில் ரஷ்யாவும் வட கொரியாவும் ராணுவ ஒப்பந்தம் போட்டன. அந்த இலையுதிர் காலத்திலேயே வட கொரிய வீரர்கள் உக்ரைன் போர் நடக்கும் ரஷ்ய எல்லைப் பகுதியான கூர்ஸ்க் பக்கம் வந்துவிட்டார்கள். வெளியுறவுத் துறையில் இது கிழக்காசியப் பிரிவின் கோப்பா, ஐரோப்பியப் பிரிவின் கோப்பா? நால்வருக்குள்ளும் விரிசல் இல்லாமல் இல்லை. 2025 ஜூனில் ஈரான் மீது குண்டு விழுந்தபோது மாஸ்கோவும் பீஜிங்கும் கண்டனத்தைத் தாண்டிப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

ஒரே பயம், சட்டம் காகிதத்தோடு நின்றுவிடுமோ என்பதுதான். தேசியப் பாதுகாப்பு வியூகத்தை அதிபர் ஆண்டுதோறும் தரச் சொல்லி 1986-லேயே சட்டம் இருக்கிறது. ஒபாமா எட்டு ஆண்டுகளில் தந்தது இரண்டு: 2010, 2015.

அதனால் என் ஓட்டு டிஸ்ரப்டுக்கு, ஆனால் ஒரு ஷரத்தோடு: அறிக்கை வரும்வரை அதைத் தர வேண்டிய துறையின் நிதியில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட வேண்டும். பாதுகாப்புச் சட்டங்களில் காங்கிரஸ் ஏற்கெனவே கையாளும் உத்திதான் இது.