பகடை உருட்டிப் பெறும் கடவுச்சொல்: இ.எஃப்.எஃப் சொற்பட்டியல்

இணைய உரிமைகளுக்காக இயங்கும் அமெரிக்க அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் (இ.எஃப்.எஃப்) 2016-இல் வெளியிட்ட ஆங்கிலச் சொற்பட்டியல் இது. இலவசம். மொத்தம் 7,776 சொற்கள். ஆறுமுகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஐந்திலக்க எண் வரும். அதற்கு நேரே இருப்பதே உங்கள் சொல். (தாயக்கட்டை ஆகாது, அதற்கு நான்கே முகம்.) ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய 12.9 பிட் வலு (ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவு பிட்). இப்படி ஆறு சொல் சேர்த்துக் கடவுச்சொல் ஆக்கினால் 77. இதே பகடை முறைக்கான பழைய சொற்பட்டியலான டைஸ்வேரின் புரியாத துண்டுகள் இதில் இல்லை.

கெடுவது எங்கே? வந்த சொல் பிடிக்காமல் மறுபடி உருட்டும்போதுதான். விருப்பம் நுழைந்தால் அந்த 77 வெறும் ஏட்டுக் கணக்கு. வாக்கியமாக வரட்டும் என்று வரிசையை மாற்றுவதும் அதே தப்பு.

1,296 சொல் கொண்ட குறும்பட்டியலும் உண்டு. நான்கு உருட்டல் போதும், ஆனால் அதே வலுவுக்கு எட்டுச் சொல் வேண்டும். கடவுச்சொல்லை 16 எழுத்துக்குள் அடக்கும் தளங்களுக்கு இரண்டுமே உதவாது.