பழைய தோட்ட டிராக்டரில் கரி சுரண்டிய கதை: நாலு வருஷம் கழித்து

சாவியைத் திருப்பி அணைத்தாலும் எஞ்சின் உடனே நிற்காது. நாலைந்து சுற்று இடித்து இடித்து ஓடிவிட்டுத்தான் ஓயும். மேட்டில் ஏறும்போது டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் வேறு. வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வருஷம் முழுக்க ஓட்டினேன்.

என்னுடையது ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் சைடு வால்வு எஞ்சின். உள்ளே படிந்த கரி சூடேறிக் கங்காக நிற்கும். ஸ்பார்க் இல்லாமலே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். அணைத்த பிறகும் ஓடுவது அதனால்தான். கரி இடத்தை அடைத்துக்கொள்வதால் கம்ப்ரஷனும், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை அமுக்கப்படும் அளவும், கூடிப்போகும். ஆணிச் சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் சோம்பேறி வழியில் போனேன். பெட்ரோலில் கலக்கும் கிளீனரை ஊற்றி இரண்டு டேங்க் ஓட்டியதில் ஐட்லிங் கொஞ்சம் சீரானது, சத்தம் போகவில்லை. ஓடும் எஞ்சினுக்குள் தண்ணீர் சொட்டவிடும் பழைய வித்தையைத் தொடவில்லை. தண்ணீர் அமுங்காது, கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சரி, சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டையே இறக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. சைடு வால்வில் வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட் என்பது வெறும் மூடிதான். போல்ட்டுகள் ஒரே நீளமாக இல்லாததால், இருந்த வரிசைப்படியே ஒரு அட்டையில் குத்தி வைத்தேன். மேல் தகட்டைக் கழற்றியபோது எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபின்களுக்கு (மெல்லிய உலோக மடிப்புகள்) நடுவே காய்ந்த புல் மெத்தைபோல அடைந்திருந்தது. கரிக்கு முன்னால் அதைத்தான் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கிரீஸ் தடவினால் உதிரும் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பிஸ்டனைச் சற்று இறக்கி அந்தக் கிரீஸ் வளையத்தைத் துடைத்தெடுத்தேன். கரியை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, சீவிய மரக்குச்சியால் சுரண்டினேன். அதற்கு முன் அவசரப்பட்டு ஸ்குரூடிரைவர் எடுத்ததில் அலுமினிய ஹெட்டில் விழுந்த கீறல் இன்றும் இருக்கிறது. காஸ்டிக் சோடாவில் மட்டும் ஊறவைக்காதீர்கள், அலுமினியத்தையே தின்றுவிடும். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் அதை நனைத்துத்தான் எடுத்தேன்.

ஹெட் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகையில் வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் பார்த்தேன். புது கேஸ்கெட் போட்டு, மேனுவல் சொன்ன வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மூன்று கட்டமாக இறுக்கினேன். அன்று மாலை ஓட்டிவிட்டு சாவியைத் திருப்பி அணைத்தேன், எஞ்சின் சட்டென்று நின்றது.

நான் செய்த பெரிய தப்பு, கரி என்ன சொல்கிறது என்று பார்க்காமல் துடைத்துப் போட்டது. வறண்ட புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் ஏறுகிறது. ஆறே மாதத்தில் பிளக் மறுபடி கறுத்தபோதுதான், ஹெட்டைத் திறந்ததும் எடுத்த போட்டோவைத் தேடிப் பார்த்தேன். அப்பட்டமான வறண்ட கரி. ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கும் மூடியான சோக்கின் கேபிள் சிக்கி, சோக் முழுசாகத் திறக்காமலே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஏர் ஃபில்டரும் அடைப்பு. இரண்டையும் சரிசெய்தேன். கூடவே, பாதித் திராட்டிலில் உருட்டுவதை விட்டு, புல் வெட்டும்போது முழு வேகத்தில் ஓட்டப் பழகினேன்.

போன மாதம், நாலு வருஷம் கழித்து மறுபடி ஹெட்டை இறக்கினேன். வால்வுகளைச் சுற்றி மெல்லிய படலம், அவ்வளவுதான். ஆனால் பிஸ்டன் ஓரத்தில் பிறை வடிவில் ஓர் இடம் பளிச்சென்று கழுவி விட்டதுபோல இருந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டி ஆயில் வந்து அலசியதன் அடையாளம் அது. இந்தத் தடவை துடைக்கும் முன்பே பார்த்துவிட்டேன். ரிங் செட் வாங்கியாயிற்று. புல் வளர்வது ஓயட்டும், பிஸ்டனை வெளியே எடுக்கிறேன்.