ஸ்டாக்ஹோமில் வெளியே சாப்பிடுவதென்றால் மதியத்தில் சாப்பிடுங்கள்

ஸ்டாக்ஹோமில் எங்கே சாப்பிடலாம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், எத்தனை மணிக்கு என்றுதான் நான் முதலில் கேட்பேன். இங்கேயே குடியிருந்து, வேலைநாட்களில் பெரும்பாலும் வெளியில் சாப்பிட்டுப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல கடைகளில் மதியம் சமைப்பதும் ராத்திரி சமைப்பதும் ஒரே அடுப்பில்தான். ஆனால் ராத்திரி பில் சாதாரணமாக இரண்டு மடங்கு வரும்.

திங்கள் முதல் வெள்ளி வரை, சுமார் 11 மணியிலிருந்து 2 மணி வரை, பல உணவகங்களில் 'டாகென்ஸ் லஞ்ச்', அதாவது அன்றைய மதியச் சாப்பாடு, உண்டு. அன்றைக்கு என்னென்ன என்று வாசலில் எழுதியிருக்கும்: ஒரு இறைச்சி, ஒரு மீன், ஒரு சைவம். விலை 150 குரோனாவை (ஸ்வீடன் நாணயம்) ஒட்டி இருக்கும். அதிலேயே சாலட், ரொட்டி, வெண்ணெய், தண்ணீர், கடைசியில் காபி எல்லாம் அடக்கம். கட்டுப்படியாவதற்குக் காரணம் எளிது. இங்கே ஆள் கூலி அதிகம். மதியத்தில் பரிமாற ஆள் கிடையாது, சமைப்பதும் இரண்டு மூன்று ஐட்டம்தான். தட்டை நாமே வாங்கி, நாமே கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும்.

ஊர்க்காரர்கள் பதினொன்றரைக்கே வந்துவிடுவார்கள். ஒரு மணிக்கு மேல் போனால் கூட்டம் இருக்காது, சரி. ஆனால் சாலட் மேசையில் துருவிய கேரட்டும் டப்பாச் சோளமும்தான் மிச்சமிருக்கும். வியாழக்கிழமை என்றால் பல இடங்களில் மஞ்சள் பட்டாணி சூப், அதற்குப் பிறகு ஜாமும் கிரீமும் வைத்த பான்கேக். கெட்டியான சூப், பக்கத்தில் கடுகு விழுது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடுகைக் கலந்துகொண்டே சாப்பிட வேண்டும். அதில் பன்றி இறைச்சி கிடக்கும், சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான் அடிக்கடி போகும் இடம் ஹோட்டோரியெட் சதுக்கத்துக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கும் ஹோட்டோரியெட் சந்தைக்கூடம். மேலே காய்கறி, பழக்கடைகள். பக்கத்தில் நோபல் பரிசு கொடுக்கும் நீலக் கச்சேரி மண்டபம். எஸ்கலேட்டரில் இறங்கினால் காய்ஸாஸ் ஃபிஸ்க் என்ற மீன் கடை. அங்கே மீன் குழம்பு வாங்குங்கள். தக்காளிச் சாறில் மீன் துண்டுகள், இறால், சிப்பி. மேலே ஒரு கரண்டி பூண்டு மயோனைஸ். அதை உடனே கலக்கிவிடாமல் ஓரத்தில் கரைய விட்டு, ரொட்டியால் தொட்டுச் சாப்பிட்டால்தான் ருசி. காரம் நமக்குப் போதாது, ஆனால் மீன் புதிது.

1888இல் திறந்த ஓஸ்டர்மால்ம் சந்தைக்கூடம் இதைவிட எவ்வளவோ அழகு. பழுதுபார்த்து 2020இல் மறுபடி திறந்தார்கள். பார்த்துவிட்டு வரலாம், உட்கார்ந்து சாப்பிட்டால் பர்ஸ் இளைத்துவிடும்.

ஸ்லுஸ்ஸன் பக்கம் 'நீஸ்டெக்ட் ஸ்ட்ரோம்மிங்' வண்டி ஒன்று உண்டு. மத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பால்டிக் மீனைக் ரை என்ற தானியத்தின் மாவில் புரட்டிப் பொரித்து, மொறுமொறு ரொட்டியில் வெங்காயம், ஊறவைத்த வெள்ளரியோடு தருவார்கள். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். கடற்காகங்கள் ஜாக்கிரதை.

சைவத்துக்கு ஃபியால்காட்டன் தெருவில் ஹெர்மன்ஸ். பாறை மேலே தோட்டம், கீழே தண்ணீரும் கப்பல்களும், பஃபே. அங்கும் மதிய விலைதான் குறைவு. சமையல் சாதாரணம்தான். பயறு, வதக்கிய காய்கறி என்று வயிறு நிறையும், அந்தக் காட்சிக்காக மன்னித்துவிடலாம்.

ராத்திரிதான் போக வேண்டும் என்றால், பிளேகிங்ககாட்டன் தெருவில் பெலிகான். உயரமான கூரை கொண்ட பழைய பீர் கூடம். இறைச்சி உருண்டை, கிரீம் சாஸ், லிங்கான் என்ற புளிப்பான சிவப்புப் பழம், வெள்ளரி ஊறுகாய். சுற்றுலாப் பயணிகளும் வருவார்கள், பக்கத்துத் தெரு பெரியவர்களும் வருவார்கள். வைன் ஒரு கிளாஸ் 100 குரோனாவைத் தாண்டும். குழாய்த் தண்ணீர் கேளுங்கள், இலவசம், நல்ல தண்ணீர்.

பழைய நகரமான காம்லா ஸ்தானில், நாலைந்து மொழியில் படத்தோடு மெனு மாட்டியிருக்கும் கடைகளைத் தவிர்த்துவிடுவேன். அப்படி ஒன்றில் எனக்கு வந்த மீன் ஓரத்தில் கொதித்தது, நடுவில் குளிர்ந்திருந்தது. அதே பகுதியில் 1722இலிருந்து நடக்கும் டென் யில்டெனே ஃப்ரேடன் வேறு ரகம். இலக்கிய நோபலை முடிவு செய்யும் ஸ்வீடிஷ் அகாடமிக்குச் சொந்தமான கடை. வியாழக்கிழமைகளில் அதன் உறுப்பினர்கள் மாடியில் சாப்பிடுவது வழக்கம். விசேஷ நாளுக்கு, முன்பதிவு செய்து போகலாம்.

அப்புறம் டிப்ஸ். கார்டு மெஷின் கேட்கும், பதற வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் வைப்பதில்லை. ராத்திரி பிடித்திருந்தால் தொகையை ரவுண்டாக்கினால் போதும். நோட்டு வாங்காத கடைகள் நிறைய, கார்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஜூலையில் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊரே விடுமுறைக்குப் போய்விடுவதால் நல்ல சிறிய கடைகள் பல வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும், கதவில் ஒரு தாள் மட்டும் ஒட்டியிருக்கும். கிளம்பும் முன் கடையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.