காட்மாய் கரடி கேமரா: டயாலிசிஸ் டெக்னீஷியனின் பார்வையில்

எக்ஸ்ப்ளோர் டாட் ஆர்க் தளத்தின் கரடி கேமராவை எங்கள் துறையில் இருப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவில் ப்ரூக்ஸ் அருவியை நேரலையில் காட்டுகிறார்கள். கட்டணம் கிடையாது. நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே காலை எட்டு; சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கரடிகள் ஆற்றில் இறங்கியிருக்கும்.

ஜூலையில் மீன் மலிந்து கிடக்கும்போது கவனியுங்கள். பிடித்த சால்மனை முன்காலால் அமுக்கி, பல்லால் தோலை உரித்துத் தின்னும். பிறகு மூளை, சினை. சதையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடும். அதற்கு வேண்டியது கொழுப்பு. குளிர்கால உறக்கத்தில் ஏறக்குறைய அதை மட்டுமே எரித்து உயிர் வாழ்கிறது. உடலுக்குத் தேவையான தண்ணீரும் அதிலிருந்தே கிடைக்கிறது.

என்னைக் கட்டிப்போட்டது சிறுநீரகத்தின் கதைதான். மாதக்கணக்கில் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, சிறுநீர் கழிப்பதும் இல்லை. எங்கள் யூனிட்டில் ஒருவர் இரண்டு முறை டயாலிசிஸைத் தவறவிட்டாலே, ரத்தத்தில் சேரும் புரதக் கழிவான யூரியா எங்கே போய் நிற்கும் என்று தெரியும். கரடிக்கோ தசைக் கழிவான கிரியேட்டினின் ஏறுகிறது, யூரியா ஏறுவதில்லை! கொழுப்பை எரிப்பதால் யூரியா உண்டாவதே குறைவு. உண்டாகும் கொஞ்சமும் சிறுநீர்ப்பைச் சுவர் வழியாக ரத்தத்துக்குத் திரும்பி, குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்க, அந்த நைட்ரஜனைக் கொண்டு உடல் மறுபடி புரதம் கட்டிக்கொள்கிறது. நாங்கள் மெஷின் வைத்து வெளியேற்றுவதை அது தசையாக்குகிறது. இதை ரிப்போர்ட் பார்க்கத் தெரிந்த எவரும் சும்மா கடந்து போக முடியாது.

நேரலை கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே. குளிர்காலத்தில் பழைய பதிவுகள்தான் ஓடும். உறக்கத்தையே பார்க்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், ஆனால் பூங்கா ரேஞ்சர்களும், முன்பு அங்கே ரேஞ்சராக இருந்த மைக் ஃபிட்ஸும் பேசும் விதம் எளிமையாக இருக்கும். எந்தக் கரடி நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று தேர்ந்தெடுக்கும், 2014இல் ஒரு நாள் போட்டியாகத் தொடங்கிய 'கொழுத்த கரடி வாரம்' போட்டியில் நீங்களும் வாக்களிக்கலாம். 2023, 2024 இரண்டு ஆண்டும் என் வாக்கு 128ஆம் எண் கரடி கிரேசருக்கு. 2024இல் குட்டிகளுக்குப் பாலும் கொடுத்துக்கொண்டு அவ்வளவு கொழுப்பு சேர்த்தவள், இரண்டு ஆண்டும் ஜெயித்ததும் அவள்தான்.

நேரம் குறைவாக இருப்பவர்கள் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும் அந்தப் போட்டி வாரத்தில் பாருங்கள். ஒவ்வொரு கரடியின் கோடைத் தொடக்கப் படத்தையும் கொழுத்த பிறகு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள்.