மோங்கு அரிசியை ஏழு ஆண்டுகளாகச் சமைக்கிறேன்

சாம்பியாவின் தலைநகரான லுசாக்காவுக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அரிசியைப் பற்றித்தான். பொன்னி கிடைக்குமா, பாசுமதியை விட்டால் தினச் சாப்பாட்டுக்கு வேறு வழி உண்டா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். வழி உண்டு. மோங்கு அரிசி என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் அது எங்கே விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதன் நிறை குறை இரண்டும் அந்த மண்ணிலிருந்தும் அந்த ஆற்றிலிருந்தும்தான் வருகின்றன.

முதலில் அரிசி. பாசுமதியைவிடச் சற்றுக் குட்டை, பொன்னியைவிடச் சற்று நீளம். பால் வெள்ளையாக இருக்காது. கொஞ்சம் மங்கல், சில மணிகளில் தவிட்டுக் கீற்று ஒட்டியிருக்கும். பையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் வாசனை வந்துவிடும். உலை கொதிக்கும்போது அது வீடு முழுவதும் பரவும். சீரகச் சம்பாவின் வாசனை அல்ல, பாசுமதியின் வாசனையும் அல்ல. புதிதாக இடித்த அவலை நெருப்பருகே வைத்தால் எழும் மணம் என்பதுதான் என்னால் சொல்ல முடிந்த நெருக்கமான ஒப்பு. மோங்கு பக்கம் பெரும்பாலும் விளைவது சூப்பா என்ற மணமுள்ள ரகம். ஆற்று வெள்ளம் ஏறி இறங்கும் நிலத்தில், பெரும்பாலும் உரம் போடாமல் விளைகிறது.

இனிக் குறை. சென்ற மாதம் வாங்கிய மூட்டையிலிருந்து ஒரு கிலோ எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பிப் பொறுக்கினேன். கற்கள் 11. உமி நீங்காத நெல் ஒரு கைப்பிடிக்குச் சற்றுக் குறைவு. குருணை மட்டும் தராசில் 180 கிராம். இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத மணல். குக்கரில் அப்படியே போட்டுவிட்டு, பல்லில் மணல் கடிபட்டதும் இந்த அரிசியை வெறுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் தவறில்லை, அரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரிசியும் நிறையத் தண்ணீரும் விட்டு, பாத்திரத்தை வட்டமாக மெல்ல ஆட்டியபடியே அடுத்த பாத்திரத்தின் விளிம்பில் சாய்த்தால் அரிசி தண்ணீரோடு மிதந்து போகும், மணல் அடியில் தங்கும். கடைசிக் கைப்பிடிக்கு ஆசைப்படாமல் விட்டுவிட வேண்டும். என் பாட்டி செய்ததைப் பார்த்திருந்தேன். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு கண்டத்தில், கை அதை நினைவில் வைத்திருந்தது.

இவ்வளவு மணல் ஏன் என்ற கேள்வியோடுதான் 2023இல் இரண்டு முறை மோங்குவுக்குப் போனேன். ஒருமுறை ஏப்ரலில், வெள்ளத்தைப் பார்க்க. மறுமுறை ஜூனில், அறுவடையைப் பார்க்க. லுசாக்காவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு முழுப் பகல். காஃபுவே தேசியப் பூங்காவைத் தாண்டியதும் மண் வெளுக்கத் தொடங்குகிறது. சாலையோரம் நின்று காலணியைக் கழற்றினால் கடற்கரையில் நிற்பதுபோல் இருக்கும். கடல் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அது கலகாரி மணல். மோங்கு இருக்கும் மேற்கு மாகாணத்தின் மேட்டு நிலமெல்லாம் இதுதான். இந்த மண்ணில் சத்து தங்குவதில்லை, பெய்த மழையும் நிற்பதில்லை. அங்கே கதிரடிப்பது இந்த மணலின் மேல்தான். தார்ப்பாய் வைத்திருப்பவர்கள் விரிக்கிறார்கள், இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

மோங்கு நகரம் மேட்டின் விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் நின்று மேற்கே பார்த்தால் கீழே கண்ணுக்கெட்டிய வரை ஒரே சமவெளி. பரோட்சே வெள்ளச் சமவெளி என்கிறார்கள். வடக்கு தெற்காக 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம், சில இடங்களில் 50 கிலோமீட்டர் அகலம். நடுவே சாம்பேசி ஆறு. ஏப்ரலில் நான் பார்த்தபோது ஆறு எது, வெளி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் தண்ணீர், தண்ணீருக்கு மேல் புல் நுனி, தூரத்தில் மரங்கள் அடர்ந்த சிறு திட்டுகள்.

இந்த வெள்ளம் மோங்குவில் பெய்த மழையால் மட்டும் வருவதில்லை. சாம்பேசி சாம்பியாவின் வடமேற்கு மூலையில் பிறந்து, அங்கோலாவுக்குள் போய், திரும்ப சாம்பியாவுக்குள் வருகிறது. நவம்பர் முதல் அந்த மேல்நிலங்களில் பெய்த மழை மெல்ல இறங்கி, இங்கே மழை ஓயும் நேரத்தில் வெள்ளமாக உச்சம் தொடுகிறது. நெல்லுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. மாடு கட்டி உழுது, முதல் மழையை நம்பி விதைக்கிறார்கள். மழை முளைக்க வைக்கிறது; பிறகு ஆறு தானே வந்து வயலை நனைக்கிறது. மே முதல் தண்ணீர் வடிய, அறுவடை.

ஜூனில் மோங்குவின் படகுத்துறையிலிருந்து கால்வாய் வழியே மோட்டார் படகில் போய், ஒரு திட்டில் இறங்கினேன். திட்டை, இந்தச் சமவெளியில் வாழும் லோசி இனத்தவரின் மொழியில் லிசூலு என்கிறார்கள். நான்கு குடிசைகள், இரண்டு மாமரங்கள், பத்துப் பன்னிரண்டு மாடுகள். வயலில் ஓர் அம்மாள் சிறு கத்தியால் கதிரை மட்டும் கொய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்து, முழங்கால் மடக்கி, மெல்லக் கைதட்டி வணங்கினார். அந்த ஊர் மரியாதை அது. என்னோடு வந்த லோசி ஆசிரியை மொழிபெயர்த்தார். "ஆறு முந்திக்கொண்டால் நெல் மூழ்கிவிடும். பிந்தினால் பால் பிடிக்காமல் காய்ந்துவிடும். சரியான நாளில் வந்தால் நாங்கள் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்வோம்." நெல்லை அவர்கள் பெரும்பாலும் விற்கத்தான் வளர்க்கிறார்கள். வீட்டில் தினமும் சமைப்பது மக்காச்சோள மாவில் கிளறும் புஹோபே, கூட ஆற்று மீன். எனக்காக அன்று அரிசி வடித்து, மாபிசி என்ற உறைபாலை அதன்மேல் ஊற்றித் தந்தார். உப்பு இல்லை, தாளிப்பு இல்லை. அந்தத் தயிர்ச்சோற்றை நான் மறக்கவில்லை. அந்த மாடுகள் மேய்ந்ததும் அந்த நெல் நின்றதும் ஒரே வெளி.

கட்டிய நெல் மூட்டையை அங்கிருந்து மாட்டுச் சறுக்கில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கவட்டையான ஒரு மரக்கிளையை வெட்டிச் செய்த சக்கரமில்லாத வண்டி அது. மணலில் சக்கரம் புதையும், சறுக்கு வழுக்கிப் போகும். அது இழுத்துப்போன தடம் இரண்டு கோடுகளாக வெளி முழுக்க ஓடுகிறது.

இந்தச் சமவெளியில் யாரும் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் இருந்துவிட முடியாது. வெள்ளம் ஏறினால் மாடுகளோடு விளிம்புக்குப் போக வேண்டும், வடிந்தால் திரும்ப வேண்டும். லோசி மன்னர் லிட்டுங்காவும் அப்படித்தான். சமவெளிக்குள் இருக்கும் லியாலுய் அரண்மனையிலிருந்து, மேட்டில் இருக்கும் லிமுலுங்கா அரண்மனைக்கு நாலிக்வாண்டா என்ற கறுப்பு வெள்ளைப் பட்டையிட்ட பெரும்படகில் துடுப்பு வலித்துக் கூட்டிப்போகிறார்கள். அந்தப் பயணத்துக்கு குவோம்போகா என்று பெயர். தண்ணீரைவிட்டு வெளியேறுதல் என்று பொருள். வெள்ளம் போதாத ஆண்டில் அந்த விழா நடப்பதில்லை. நெல் எப்படி வரும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மேற்கு மாகாணத்தின் பரப்பு 1,26,386 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட தமிழ்நாட்டின் அளவு. 2010 கணக்கெடுப்பின்படி மக்கள் 9,02,974 பேர். சதுர கிலோமீட்டருக்கு 7 பேர். அவர்களும் சீராகப் பரவி வாழவில்லை. மணல் மேடும் சமவெளியும் சந்திக்கும் ஈரமான விளிம்பில்தான் வரிசையாகக் குடியிருக்கிறார்கள். லோசிகளோடு எம்புண்டா, லுவாலே, ங்கோயா என்று பல இனத்தவர் உண்டு. 2015 வாழ்நிலை ஆய்வில் இந்த மாகாணத்தில் 100க்கு 82 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள், நாட்டிலேயே அதிகம். இதை ஏன் ஓர் அரிசி விமர்சனத்தில் எழுதுகிறேன் என்றால், மூட்டையின் விலை இங்கேதான் முடிவாகிறது. ஆட்கள் சிதறி இருப்பதால், வியாபாரி ஒருவர் படகோடு வந்தால் அவர் சொன்னதுதான் விலை. மேடா என்ற தகரத்தில் அளந்து வாங்குகிறார்கள். வாங்கும்போது கோபுரமாகக் குவித்து அளப்பதையும், அதே தகரத்தால் சந்தையில் தலைதட்டி விற்பதையும் நான் ஒரே நாளில் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது.

நிலைமை கொஞ்சம் மாறியும் இருக்கிறது. 2016இல் மோங்குவிலிருந்து சமவெளியின் அக்கரையில் இருக்கும் கலாபோவுக்குப் போகும் சாலையைத் திறந்தார்கள். சமவெளியின் குறுக்கே 34 கிலோமீட்டருக்குக் கரை எழுப்பி, வெள்ளம் கடந்துபோக 26 பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் வெள்ளக் காலத்தில் படகுதான். ஏப்ரலில் அந்தச் சாலையில் வண்டியில் போனபோது இருபுறமும் தண்ணீரில் தோணிகள் எங்களோடு கூடவே வந்தன. இப்போது அக்கரை நெல்லும் லாரியில் ஏறுகிறது.

வாங்கும் இடத்துக்கு வருகிறேன். லுசாக்காவில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், மோங்கு அரிசி என்று ஒட்டிய பையை வாங்கி ஏமாந்தேன். பாதிக்கு மேல் இறக்குமதி அரிசி. மணி ஒரே அளவாக, பளபளவென்று இருந்தது; முகர்ந்தால் சாக்கு வாசனைதான். எனவே பைக்குள் கை விடாமல் வாங்காதீர்கள். மணிகள் பெரியதும் சிறியதுமாக, கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தால் நல்லது. வாசனை கட்டாயம் இருக்க வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பரில் புது அரிசி வந்து குவியும். விலையும் அப்போதுதான் இறங்கும். ஜனவரிக்குப் பிறகு வருவதில் வண்டு இருக்கும். நான் மூட்டை வந்ததும் ஒரு வெயிலில் காயவைத்து, மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டு, இறுக்கமான டின்களில் அடைத்துவிடுகிறேன்.

2024இல் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்தது. மழை இல்லாமல் சாம்பியா பிப்ரவரி 29 அன்று வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. அந்த ஆண்டு எனக்கு ஒரு மூட்டைகூடக் கிடைக்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் அந்த லோசி ஆசிரியையின் வீட்டுக்கு ஊரிலிருந்து வழக்கமாக வரும் அரிசி வரவில்லை. அவர் இங்கிருந்து மக்காச்சோள மாவு வாங்கி பஸ்ஸில் அனுப்பினார்.

சமையலில் என் தீர்ப்பு: தயிர்ச்சாதம், வெண்பொங்கல், குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடும் சோறு, இந்த மூன்றுக்கும் இதைவிட நல்ல அரிசி இந்த நாட்டில் நான் பார்க்கவில்லை. அரை மணி ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டேகால் பங்கு தண்ணீர். புது அரிசியென்றால் இரண்டு போதும், மிஞ்சினால் குழைந்துவிடும். பொறுக்கிய குருணையை எறியாதீர்கள், உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் அது தனி ருசி. பிரியாணிக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் வேண்டாம், மணி மணியாக நிற்காது. இட்லிக்குப் பலமுறை முயன்றேன். மாவு பொங்குகிறது, இட்லி கெட்டிப்படுகிறது.

மாபிசி கிடைத்தால் அதையும் ஒரு பாக்கெட் வாங்குங்கள். வடித்த சோற்றைச் சூடு ஆறுவதற்கு முன் மசித்து, மாபிசியை ஊற்றி, கல் உப்பு மட்டும் போட்டு ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். கடுகும் பெருங்காயமும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இந்த ஆண்டு ஆசிரியையின் தம்பி, அந்தத் திட்டில் கதிர் கொய்த அம்மாளிடமே நேராக வாங்கி, மோங்குவில் அரைத்து, பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாள் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கச் சொல்லிவிட்டேன். மூன்று மூட்டை கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்று போதும்; லுசாக்காவில் இருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் மற்ற இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம்.