550 ரூபாய் கார்ட்ரிட்ஜ்: பதினான்கு மாத அனுபவம்

செங்கல்பட்டில் சார் பதிவாளர் அலுவலகம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வில்லங்கச் சான்று, பட்டா, ஆதார் நகல், நாள் முழுக்க இதுதான் வேலை. ஸ்கேனரும் சேர்ந்த லேசர் பிரிண்டர். அதற்குக் கம்பெனி கார்ட்ரிட்ஜ், அதாவது டோனர் என்னும் கரித்தூள் அடைத்த பெட்டி, 4,200 ரூபாய், அட்டையில் 1,500 பக்கம் என்று போட்டிருக்கும். அப்படியென்றால் பக்கத்துக்கு 2 ரூபாய் 80 காசு. நான் ஒரு ஜெராக்ஸுக்கு வாங்குவதே 2 ரூபாய். பேப்பரும் கரண்டும் தனி.

அதனால் பிரிண்டரோடு வந்த கார்ட்ரிட்ஜ் தீர்ந்த அன்றே மின்சார ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் 550 ரூபாய்க்கு ஒரு கம்பேட்டிபிள், அதாவது இதே பிரிண்டருக்குப் பொருந்தும்படி வேறு கம்பெனி செய்தது, வாங்கி வந்தேன். இப்போது ஓடுவது ஒன்பதாவது.

எழுத்து நல்ல கறுப்பாக விழுகிறது, கம்பெனி டோனருக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆதார் போட்டோவில்தான் தெரியும், கன்னம் கொஞ்சம் இருண்டுவிடும். அப்புறம் அந்த 1,500 என்பது பக்கத்தில் 5 சதவீத இடத்தில்தான் எழுத்து இருக்கிறது என்று போடும் கணக்கு. ஆதாரும் பத்திரமும் எடுக்கிற கடையில் எந்தக் கார்ட்ரிட்ஜும் அதைத் தொடாது. இது எனக்கு 1,100, 1,200 வரை வருகிறது. அப்படியும் பக்கத்துக்கு 50 காசு தாண்டவில்லை.

நான்காவதுதான் காலை வாரியது. பத்திரம் ஒன்று பாதியில் ஓடும்போது தாளின் ஓரத்தில் கறுப்புக் கோடு. மூடியைத் திறந்தால் உள்ளே கரித்தூள் கொட்டிக் கிடக்கிறது. கார்ட்ரிட்ஜுக்குள் மிச்சத் தூளை வழிக்கும் பிளேடு சரியாக உட்காரவில்லை போல. வெந்நீரில் நனைத்த துணியோடு வந்த கடைப் பையனைக் கத்தி நிறுத்தினேன். டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். காய்ந்த துணியால் ஒற்றி, கடைசியில் பச்சைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தோம். என் சேலை முந்தானை மட்டும் மீளவில்லை. ரிச்சி தெருக்காரர் பில்லைக் கூடக் கேட்காமல் வேறு மாற்றிக் கொடுத்தார், ஆனால் ரயில் செலவும் அரைநாள் வியாபாரமும் என் கணக்கில்.

எட்டாம் மாதம் ஸ்கேனர் நின்றுபோனது. கண்ணாடிக்கு அடியில் ஓடும் பட்டை பாதி தூரம் போய்க் கடகடவென்று அடித்துக்கொண்டது. வாரண்டி ஒரு வருடம், சரி என்று கூப்பிட்டேன். சர்வீஸ் பையன் வந்தார். ஸ்கேனர் மூடியைத் தொடவே இல்லை, நேராக முன்கதவைத் திறந்து கார்ட்ரிட்ஜை உருவினார்.

"மேடம், லோக்கல் போட்டிருக்கீங்க. வாரண்டி போச்சு."

"தம்பி, ஸ்கேனர் மேல இருக்கு. டோனர் கீழ இருக்கு."

"ரூல் அப்படித்தான் மேடம்."

நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள், பொடி எழுத்துக்குப் பயந்தவள் இல்லை. மேஜை டிராயரில் இருந்த வாரண்டித் தாளை எடுத்து விரல் வைத்துக் காட்டினேன். வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜோ ரீஃபில் செய்ததோ போட்டதால் மட்டும் வாரண்டி போகாது. பழுது அதனால்தான் வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மட்டும் காசு. அதைத்தான் நாலு வரியில் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார்கள். டோனரால் ஸ்கேனர் கெட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிக்கொள்கிறேன் என்றேன். வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். மூன்றாம் நாள் ஸ்கேனர் பட்டை மாற்றியாயிற்று, காசு இல்லை.

பொருளை விற்றவன் தன் பாகத்தைத்தான் வாங்க வேண்டும் என்று வாரண்டியைக் காட்டிக் கட்டிப்போடக் கூடாது என அமெரிக்காவில் 1975லேயே சட்டம் வந்துவிட்டது. எனக்கு இங்கே அந்த ஒரு வாரண்டித் தாளே போதுமாக இருந்தது.

அதே தாள் நான்காவது கார்ட்ரிட்ஜுக்குக் கைகொடுத்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தூள், சூடாக்கித் தாளில் எழுத்தை ஒட்டவைக்கும் ஃபியூசர் வரை போய் எதையாவது கெடுத்திருந்தால் செலவு என்னுடையதுதான், அதில் சண்டை போட எனக்கு வாயும் இருந்திருக்காது. கலர் போட்டோ எடுப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குகிறவர்கள் பிரிண்டர் அப்டேட் கேட்டால் அவசரப்பட்டு ஓகே அழுத்த வேண்டாம், அப்புறம் வெளிக் கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப்பைப் பிரிண்டர் ஏற்காமல் போகலாம்.

வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் பேப்பர் இழுக்கும் ரோலர் வழுக்க ஆரம்பித்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன், இன்னும் ஓடுகிறது.