மடகாஸ்கர் காடுகளை அளக்க ஹேன்சன் தரவு போதுமா?

மேரிலாந்து பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்டு, ஆண்டுதோறும் புதுப்பித்து இலவசமாகத் தரும் உலகக் காடு மாற்றத் தரவைத்தான் ஹேன்சன் தரவு என்கிறோம். மடகாஸ்கரில் மரங்கள் எங்கே, எந்த ஆண்டு போயின என்று பார்க்க இதைத் தாராளமாக எடுக்கலாம். காடு துண்டாவதை அளக்க இது மட்டும் போதாது.

தரவிறக்கத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. கோப்புகள் 10 பாகைக் கட்டங்களாக வருகின்றன. வடமேற்கு மூலையை வைத்துத் தெற்கு 10 கிழக்கு 40, தெற்கு 20 கிழக்கு 40 என்று பெயரிட்ட இரண்டும் தீவை மூடிவிடுவதுபோலத் தெரியும். ஆனால் வடகிழக்கிலுள்ள மசோலா தீபகற்பத்தின் கிழக்குப் பகுதி கிழக்கு 50 பாகையைத் தாண்டுகிறது. மூன்றாவது கட்டத்தை விட்டால் மழைக்காடு நேர்கோட்டில் அறுபட்டு, அந்தக் கோடே காட்டோரமாகக் கணக்கில் ஏறும்.

'30 மீட்டர்' தரவு என்ற பெயரை நம்பி, பிக்சலுக்கு (படத்தின் ஒரு சிறு சதுரத்துக்கு) 900 சதுர மீட்டர் போடாதீர்கள். பிக்சலின் உண்மை அளவு 0.00025 பாகை, தென்கோடியில் அது சுமார் 700 சதுர மீட்டர்தான். சம பரப்பு வீழலுக்கு (நிலப்பரப்பைச் சிதைக்காமல் காட்டும் வரைபட முறைக்கு) மாற்றிய பிறகே பரப்பை அளக்க வேண்டும். மாற்றும்போது அருகிலுள்ள பிக்சல் முறையைத் தேர்ந்தெடுங்கள். சராசரி எடுக்கும் முறையில் 2005-உம் 2015-உம் கலந்து, 2010-இல் எதுவும் அழியாத இடத்தில் 2010 என்று வந்து நிற்கும்.

பெரிய குறை மரப்போர்வை அடுக்கில்தான். 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த எதுவும் அதற்கு மரம். யூகலிப்டஸ் தோப்பும் கிராம்புத் தோட்டமும் ஆதிக்காடும் ஒன்றுதான். தாவி முறையில் எரித்துப் பயிரிட்டுத் தரிசாக விட்ட நிலத்தில் வளர்ந்த மரங்களை மறுபடி எரித்தாலும் அது காட்டிழப்பு என்றே பதிவாகும். பிக்சலில் குறைந்தது எத்தனை சதவீதம் மரம் மூடியிருந்தால் காடு என்பதற்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும். இந்தத் தரவைக் காட்டும் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தின் இயல்பான 30% வரம்பில், விதானம் அடர்த்தியில்லாத தெற்கு முட்காடு நிறைய விடுபடும். 10% ஆகக் குறைத்தால் மேற்குப் புல்வெளி மரங்கள் உள்ளே வந்துவிடும். தீவு முழுவதற்கும் பொருந்தும் ஒரே வரம்பு கிடையாது.

ஆகவே 2000-ஆம் ஆண்டின் இயற்கைக் காட்டு வரைபடத்தை அடித்தளமாக வைத்து, ஹேன்சனின் இழப்பு ஆண்டு அடுக்கில் பதிவான பிக்சல்களை மட்டும் அதிலிருந்து கழியுங்கள். பழைய தேசிய வரைபடங்களோடு இந்தத் தரவை இணைத்த ஆய்வின்படி, 1953–2014 காலத்தில் இயற்கைக் காட்டில் 44% அழிந்தது. எஞ்சியதில் 46% ஓரத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருக்கிறது. இரண்டாவது எண்தான் அதிகம் கவலைப்பட வைக்கிறது. வெயிலும் காற்றும் தீயும் கோடரியும் முதலில் எட்டுவது அந்தப் பட்டையைத்தான்.

ஓரத் தூரம் கணக்கிடுமுன், தனித்தனியாகச் சிதறிய ஒற்றை இழப்பு பிக்சல்களைச் சலித்து நீக்குங்கள். ஒவ்வொன்றும் காட்டுக்குள் ஒரு பொய் ஓரத்தை உண்டாக்கும். கடலைக் காடில்லாத நிலமாக எண்ணினால் சதுப்புக்காட்டின் கடற்பக்கமும் ஓரமாகிவிடும். நீர் அடுக்கில் 2 என்றிருக்கும் பிக்சல்களை விலக்குங்கள். 2017 எனாவோ புயலுக்குப் பின் வடகிழக்கில் தெரியும் இழப்பை வெட்டு என்று எழுதுமுன் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள். காடு வளர்ச்சி அடுக்கு 2000–2012-க்கு மட்டுமே, அதுவும் ஆண்டுக் குறிப்பில்லாமல். இந்த வேலைக்கு அது உதவாது. 2011 முதலான ஆண்டுகள் மாற்றிய முறையில் கணக்கிடப்பட்டவை. அவற்றை முந்தைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிட்டு 'வேகம் கூடியது' என்று எழுத முடியாது.